சபையில் ஓர் அந்நியர்

சென்ற மாதம் ஒரு காலை, நான் முன்பு பார்த்த வேலையை இப்போது பார்க்கிற இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். மாணவர் பாராளுமன்ற அமர்வுகளை இனி முகநூலில் நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். ஆகவே பார்வையாளர் கலரி தேவைப்படாது, நீங்கள் எழுதிய கைநூலிலிருந்து பதினேழாம் விதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அந்த விதியின் பின்பாதி மட்டும் வேறொருவர் எழுதியது போல இருக்கிறதே என்றும் சொன்னார். கெட்டிக்காரர். அதை எழுதியது பதினான்கு வயதுப் பிள்ளை என்றேன். எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். காரணத்தைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் சமூகக் கல்வி ஆசிரியராக வேலையைத் தொடங்கியவன். கூரையுள்ள பாடசாலை, கூரையில்லாத பாடசாலை, மரத்தடி, முகாமின் கூடாரம் என்று இடம்பெயர்ந்த இடமெல்லாம் படிப்பித்தேன். யுத்தம் முடிந்து ஏறக்குறைய பத்து வருடங்களின் பின் குடியியற் கல்விக்கு ஆசிரிய ஆலோசகராக எடுத்தார்கள். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு தோள்பை. அதோடு, வன்னியில் தெரிவுசெய்த பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் அமைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு மேலே இருந்தவர் திருமதி புஷ்பராணி, பிரதிக் கல்விப் பணிப்பாளர். எல்லோருக்கும் புஷ்பராணி மிஸ். மெல்லப் பேசுவா. மேசைக்கு எதிரே இருப்பவர் குனிந்தால்தான் கேட்கும். பச்சைப் பென்சிலால் திருத்துவா. அந்தப் பென்சிலைச் சவர பிளேட்டால், கடதாசி ஒன்றை விரித்து, அதன் மேல் தூள் விழச் சீவுவா. கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை. பென்சில் சீவுவது நீண்டுகொண்டு போகும். அவ்வளவுதான்.

கைநூலை நான் எழுதினேன், அவ திருத்தினா. நியமனப் பத்திரம், வாக்குச் சீட்டு, பூட்டுப் போட்ட பிஸ்கற் தகரம், விரலுக்கு மை, எண்ணும்போது இரு தரப்பிலும் ஒவ்வொரு முகவர் எல்லாம் உண்மைத் தேர்தல் போலவே இருக்க வேண்டும் என்றா. சத்தியப்பிரமாணத்தை மட்டும் தன் விருப்பத்துக்கு மாற்றினா. உறுப்பினர் சபாநாயகரைப் பார்த்துச் சத்தியம் செய்யக் கூடாது. சபையின் நடுவில் வந்து, பொதுசனம் இருக்கும் பக்கம் திரும்பி நின்று, தன் முழுப் பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்லி, பிறகுதான் சத்தியம் செய்ய வேண்டும். ஆர் தங்களுக்காகக் கதைக்கப் போகினம் எண்டு சனம் முகத்தைப் பாக்க வேணும் என்பது அவவின் வாதம். அமர்வு நடக்கும் நாளில் பாடசாலைப் படலை திறந்திருக்க வேண்டும் என்பதும் அவவின் விதிதான். ‘பொதுமக்கள் பார்வையிடலாம்’ என்று முதல் நாளே சந்தியில் அறிவித்தல் ஒட்டுவோம்.

பதினேழாம் விதி என்னுடையது. பழைய பாராளுமன்ற வழக்கங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். சபையில் உறுப்பினர் அல்லாதவர் எல்லோரும் அந்நியர். எந்த உறுப்பினரும் எழுந்து ‘சபையில் அந்நியர் உளர்’ என்று சுட்டிக்காட்டலாம். சபாநாயகர் உடனே, விவாதமின்றி, அந்நியர் வெளியேற வேண்டுமா என்று வாக்கெடுக்க வேண்டும். அது அழகாக இருந்ததால் எழுதி வைத்தேன். மிஸ் அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி, இது எதற்கு என்று கேட்டா. சும்மா ஒரு அழகுக்கு என்றேன்.

“அழகுக்கெண்டு விதி எழுதக் கூடாது,” என்றா. “எழுதினா ஒரு நாளைக்கு ஆரும் பாவிப்பினம். அப்ப நீர் நடத்தத்தான் வேணும்.”

ஆனாலும் வெட்டாமல் விட்டா.

முதல் அமர்வு நெடுங்கேணிப் பக்கம், காட்டோரத்துப் பாடசாலை ஒன்றில். தகரக் கூரை போட்ட மண்டபம். ஆசிரியை ஒருவரின் கறுப்புச் சேலையைக் கிழித்துச் சபாநாயகருக்கு அங்கி தைத்திருந்தார்கள். செங்கோல் முதிரைத் தடி, மேலே பொன் நிறக் கடதாசி. பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்துச் சிரித்துச் சத்தியம் செய்தார்கள். பாதி நிகழ்ச்சியில்தான் அந்த மனிதரைக் கண்டேன். கடைசி வாங்கில், யன்னல் பக்கமாக, தனியே இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். முழுக்கைச் சேர்ட், கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. மடியில் ஒரு அப்பியாசக் கொப்பி. எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்று நினைத்தேன். முடிந்து தேநீர் குடிக்கும்போது பாடசாலை அதிபர் என் காதருகே வந்து, உங்களோட வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் போட்டாரே என்றார். என்னோடு ஒருவரும் வரவில்லை என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதிபர் உடனே கதையை மழைக்கு மாற்றினார். நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடம் விளங்காமல் போகலாம். அந்த வருடங்களில் எங்கள் கூட்டங்களுக்கு, கோயில் நிர்வாகக் கூட்டமாக இருந்தாலும், மாதர் சங்கக் கூட்டமாக இருந்தாலும், இப்படி ஒருவர் வந்து பின்னால் இருந்து குறிப்பெடுத்துவிட்டுப் போவது உண்டு. யார் அனுப்பியவர், யாருக்காக எழுதுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டவரின் பெயர் அந்தக் குறிப்பில் சேரும் என்ற பயம். என் வீட்டுக்கும் ஒரு தடவை இரண்டு பேர் வந்து, மரியாதையாகத்தான், என் மூத்த மகனைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு கேள்விகளை நான் பாடப் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது பாடசாலை முல்லைத்தீவுக் கரையோரம். சபாநாயகர் வந்து எல்லோரும் எழுந்து நின்றபோது, கடைசி வாங்கிலும் ஒருவர் எழுந்து நின்றார். அதே சேர்ட், அதே கொப்பி. அமர்வு முடியும் முன்னரே எழுந்து போய்விட்டார். வருகைப் பதிவுப் புத்தகத்தைப் போய்ப் பார்த்தேன். பெயரின் இடத்தில் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. ‘யார்’ என்ற இடத்தில் மட்டும் தெளிவாக, குண்டு எழுத்தில், ‘பெற்றோர்’ என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் நெடுங்கேணி அதிபருக்குத் தொலைபேசி எடுத்து அங்குள்ள புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் ‘பெற்றோர்’ என்றுதான் இருந்தது.

மூன்றாவது பாடசாலைக்குப் போன அன்று நல்ல மழை. மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது, பஸ் இல்லை. நான் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நனைந்து போய்ச் சேர்ந்தேன். பெற்றோர்கூட ஐந்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். அவர் இருந்தார். உலர்ந்த உடுப்போடு, கடைசி வாங்கில், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு. வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் அவர் எப்படி வந்தார் என்று மண்டபத்தில் எவருக்கும் தெரியவில்லை. எவரும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவுமில்லை. அவரைச் சுற்றி இரண்டு வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

அன்றுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஆண்பிள்ளைகள் பெயர் சொல்லும்போது அவருடைய பேனை அசையவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி நடுவில் வந்து நின்றால் மட்டும் தலையை நிமிர்த்தி நன்றாகப் பார்ப்பார். பிறகு குனிந்து எழுதுவார். எல்லாப் பெண்பிள்ளைகளுக்குமல்ல. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுக்காரருக்கு மட்டும். பிள்ளைகளுக்கும் அது விளங்கிவிட்டது. பிறகு வந்த பெண்பிள்ளைகள் பெயரை வாய்க்குள் சொன்னார்கள். ஒருத்தி முகத்தைத் தாழ்த்திக்கொண்டு ஊரின் பெயரைச் சொல்லாமலே சத்தியத்தைத் தொடங்கினாள். நான் திருத்தவில்லை.

மழை விட்ட பிறகு மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினா. கூர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

“நீர் ஆளிட்டக் கேட்டனீரோ, ஆரெண்டு?”

“இல்லை மிஸ்.”

தூள் விழுந்த கடதாசியை மடித்துக் கூடையில் போட்டா. “நானும் கேட்டிருக்க மாட்டன்,” என்றா.

முப்பது வருடச் சேவைக்காரர் இருவர் அப்படி அந்த அறையில் இருந்தோம். அமர்வுகளை நிறுத்துவதா என்று யோசித்தோம். நிறுத்தினால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது? நிறுத்தாமலே விட்டோம்.

நான்காவது பாடசாலை செட்டிகுளம் பக்கம். தமிழ்ப் பிள்ளைகளும், திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பாடசாலை. சபாநாயகராகத் தெரிவானவன் அஸ்லம், பதினோராம் ஆண்டு. தகப்பன் நெல் வியாபாரி. நிறுத்தி நிதானமாகப் பேசுவான். எதிர்க்கட்சித் தலைவி நிதர்சனா. ஒன்பதாம் ஆண்டு, சின்ன உருவம், கரகரத்த குரல். தாயும் அவளும் மட்டும்தான் வீட்டில். தாய் வீட்டோடு தையல் வேலை செய்தா. தேர்தலுக்கு முன் கைநூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் மூன்று எழுத்துப் பிழைகளைக் குறித்துக்கொண்டு வந்து தந்தவள் அவள்தான். அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: நான், மிஸ், நிதர்சனா.

சத்தியப்பிரமாண நாளில் அவரும் வந்தார். எழுதினார். நிதர்சனா நடுவில் வந்து நின்ற நேரம் கரண்ட் நின்றது. வெளியே முகில் கட்டியிருந்ததால் மண்டபம் இருண்டு போனது. இருட்டுக்குள் நின்று அவள் பெயரையும் ஊரையும் மற்ற எல்லோரையும்விட உரத்துச் சொன்னாள். கடைசி வாங்குப் பக்கம் கதிரையோ வாங்கோ இழுபடும் சத்தம் கேட்டது. விளக்கு வந்தபோது அவள் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தாள், அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

மற்றப் பாடசாலைகளில் சத்தியப்பிரமாணத்தோடு சரி, அடுத்த அமர்வுக்கு அவர் வருவதில்லை. இங்கே வந்தார். ஒரு மாதம் கழித்து நடந்த இரண்டாவது அமர்வில், கொப்பியை விரிக்கக்கூட இல்லை. மடியில் வைத்தபடி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி வாங்குகளின் முதல் வரிசை. அவர் யாரைப் பார்க்கிறார் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. நூலகம் பூட்டிக் கிடப்பதைப் பற்றிய கேள்விக்குக் கல்வி அமைச்சர் பதில் வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய குரல் மெல்ல மெல்லத் தாழ்ந்து நின்றுபோனது.

நிதர்சனா எழுந்தாள். கையில் கைநூல் இல்லை.

“கௌரவ சபாநாயகர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை.”

“சொல்லுங்கள்,” என்றான் அஸ்லம்.

“பதினேழாம் விதி. சபையில் அந்நியர் உளர்.”

அஸ்லம் என்னைப் பார்த்தான். நான் அதிபருக்குப் பக்கத்தில், சுவரோரம் இருந்தேன். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் நிலத்தைப் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதுகிறவற்றில் எழுதக் கஷ்டமான வரி அதுதான்.

அவன் கைநூலைத் திறந்தான். பக்கத்தைத் தேடி, விதியை முழுவதும் வாசித்தான். பிறகு விவாதமின்றிக் கேட்டான்: அந்நியர் வெளியேற வேண்டும் என்போர்? முதலில் எதிர்க்கட்சிப் பக்கத்துக் கைகள் உயர்ந்தன. பிறகு அமைச்சர்களின் கைகள். இரண்டு பேர் மட்டும் கையைத் தூக்கவில்லை. எதிர்ப்போர் என்று கேட்டபோது அவர்களும் தூக்கவில்லை.

“அந்நியர் வெளியேறுவாராக.”

அந்த மனிதர் எழுந்தார். ஓடவில்லை, முறைக்கவில்லை. நடைபாதைக்கு வந்து, உறுப்பினர்கள் செய்வதைப் போலவே சபாநாயகர் பக்கம் திரும்பித் தலை வணங்கிவிட்டு வெளியே போனார். அப்படி வணங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான்கு பாடசாலைகளில் பார்த்துப் பழகியிருந்தார்.

கொப்பி வாங்கில் கிடந்தது.

அதிபர் அதைத் தொட மறுத்தார். நான் எடுத்தேன். பக்கம் பக்கமாகப் பெண்பிள்ளைகளின் பெயர்கள். பெயர், ஊர், பாடசாலை, வயது. எங்கள் நான்கு பாடசாலைகள் மட்டுமல்ல, விளையாட்டுப் போட்டி, கோயில் அறநெறி வகுப்பு என்று எங்கெங்கோ எடுத்த பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இல்லை’ என்று ஒரு சொல். கடைசிப் பக்கத்தில் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் நால்வர். மூன்று பெயர்களுக்கு எதிரே ‘இல்லை’. நிதர்சனாவின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த வெறும் இடத்தை மறுபடியும் பார்த்தேன். கொப்பியைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் தனித்துக் கிடக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் பிரதான வீதி பஸ் தரிப்பிடத்தில் தனியே இருந்தார். நான் போய் முன்னால் நின்று, கொப்பியை நீட்டாமல், கேட்டேன்.

“நீங்கள் ஆர்?”

அவர் தலையை நிமிர்த்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

“இப்பவாவது கேட்டீங்களே சேர்,” என்றார்.

பெயர் மரியதாஸ். முல்லைத்தீவுக் கரையில், நாயாற்றில் கடற்றொழில். யுத்தத்தின் கடைசி நாட்களில், சனம் தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தபோது, நாலு வயது மகளின் கை அவருடைய கையிலிருந்து நழுவிப்போனது. மகளை யாரோ ஒரு பெண் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். மனைவி முகாமில் இறந்துபோனா. அவர் எல்லாக் கந்தோர்களுக்கும் போனார். எல்லாப் படிவங்களும் நிரப்பினார். பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கியும் பார்த்தார். தெரியாத ஆணுக்குப் பெண்பிள்ளைகளைக் காட்ட எந்த அதிபர் சம்மதிப்பார்? சம்மதிக்காதது சரிதான் என்று அவரே சொன்னார். அப்போதுதான் நெடுங்கேணிச் சந்தியில் எங்கள் அறிவித்தலைக் கண்டிருக்கிறார்.

“பிள்ளையள் ஒவ்வொண்டா முன்னுக்கு வந்து, எங்கட பக்கம் திரும்பி நிண்டு, பேரும் ஊரும் சொல்லுதுகள். அப்பிடி ஒரு இடம் வேற எங்க சேர் இருக்கு?”

பேர் மாறியிருக்காதா என்று கேட்டேன். மாறித்தான் இருக்கும் என்றார். பெயருக்காக எழுதவில்லை, எத்தனை பேரைப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ள எழுதினாராம். மழை நாளில் எப்படி வந்தார் என்றும் கேட்டேன். முதல் நாளே வந்து கோயில் மடத்தில் படுத்திருக்கிறார். கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்ய மாட்டன். வளர்த்தவை இருப்பினம். கண்டாப் போதும்.”

நிதர்சனாவின் பெயருக்கு எதிரே ஏன் எழுதவில்லை என்று கடைசியாகக் கேட்டேன். கரண்ட் நின்றதால் முகம் தெரியவில்லை, அதனால்தான் இன்னொரு தடவை வந்தேன் என்றார். குரல் மட்டும்தான் கேட்டதாம். பஸ் வந்தது. கொப்பியைக் கொடுத்தேன். முதல் பாடசாலையிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஏறும்போது சொன்னார். அதில் குறை சொல்லும் தொனி இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மிஸ்ஸிடம் சொன்னேன். அன்று பென்சிலைத் தொடவில்லை. அவரை அடுத்த அமர்வுக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டேன்.

“அது ஏலாது,” என்றா. “வெளியில விட்டது சபை. சபைதான் திரும்பக் கூப்பிட வேணும். பிள்ளையள் போட்ட வாக்கை நாங்கள் போய் அழிச்சா, பிறகு என்னத்துக்கு வாக்கு?”

அவரைப் பொதுமனு ஒன்று எழுதச் சொல்லும்படி என்னை நாயாற்றுக்கு அனுப்பினா. பாராளுமன்றத்துக்குப் பிரசை எவரும் மனுக் கொடுக்கலாம், எங்கள் கைநூலிலும் அது இருந்தது. மகளின் வயதுப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் சபையின் முன்னால் ஒரு தடவை பார்க்க அனுமதி கேட்டு, மரியதாஸ் ஒரே பக்கத்தில் எழுதித் தந்தார்.

மூன்றாவது அமர்வில் அஸ்லம் அதை வாசித்தான். நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். வாசித்து முடிந்ததும் விவாதம். அமைச்சர்களில் ஒருத்தி, அவர் பிழையாக ஒரு பிள்ளையைக் காட்டி இதுதான் என்று சொன்னால் அந்த வீட்டின் கதி என்ன என்று கேட்டாள். இன்னொருவன், இது சபையின் வேலையா என்றான். எல்லாம் நியாயமான கேள்விகள். பெரியவர்களின் சபையில் நான் கேட்டறியாத அளவுக்கு நியாயமானவை.

நிதர்சனா கடைசியாக எழுந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

“நான் சுட்டிக் காட்டினது பிழையில்லை. எனக்குப் பயமா இருந்தது. விதி இருந்தது, பாவிச்சனான்,” என்றாள். “ஆனா விதியில ஒரு குறை இருக்கு. ஆளை வெளியில விட முதல், நீங்கள் ஆர், ஏன் வந்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை எண்டு இருக்கு. அதை மாத்த வேணும்.”

அவள் கொண்டுவந்த திருத்தம்தான் இன்று பதினேழாம் விதியின் பின்பாதி. வாக்கெடுப்புக்கு முன், சபாநாயகர் அந்நியரை எழுப்பி, அவர் யார், எதற்காக வந்தார் என்று கேட்டு, பதிலைச் சபை முழுவதும் கேட்கச் செய்ய வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. மனுவை ஏற்றுக்கொள்ளும் தீர்மானமும் அதன் பின் நிறைவேறியது. மிஸ் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தா. விரும்புகிற பிள்ளை மட்டும், வீட்டிலிருந்து கடிதத்தோடு.

கடிதம் வந்தது பாதிக்கும் குறைவான பிள்ளைகளுக்குத்தான். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. குறித்த நாளில் மரியதாஸை முன் வரிசையில், கதிரையில் இருத்தினோம். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து நின்று பெயரும் ஊரும் சொன்னார்கள். அவர் பார்ப்பார். “இல்லை அம்மா, நன்றி,” என்பார். அடுத்த பிள்ளை வருவாள். அவர் சொல்லுகிற அந்த ஒரு சொல், ஒவ்வொரு தடவையும் அதே தணிந்த குரலில், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில், அவர் ‘ஓம், இதுதான்’ என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயப்படத் தொடங்கினேன்.

நிதர்சனாவின் கடிதமும் வந்திருந்தது. தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தானும் கூடவே வந்திருந்தா. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. வெளியே நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தா. அத்தனை நேரமும் அதே இடத்தில், அசையாமல்.

கடைசியாக நிதர்சனா வந்து நின்றாள். பெயரையும் ஊரையும் சொன்னாள். மரியதாஸ் பார்த்தார். மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்த நேரம் கடந்தது. அஸ்லம் தன் மேசையில் இருந்த செங்கோலைக் கையால் பிடித்துக்கொண்டான். நிதர்சனா கண்ணை எடுக்காமல் நின்றாள். அவர் மெல்லத் தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். அந்தத் தாயின் முகத்தையும் பார்த்தார். பிறகு மறுபடியும் பிள்ளை பக்கம் திரும்பினார்.

“இல்லை அம்மா,” என்றார். “நன்றி.”

யன்னலில் இருந்த கைகள் விடுபட்டன. அந்தப் பெண் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டா. ஆசிரியைகள் ஓடினார்கள். வெயில் என்றா. அன்று வெயில் இருக்கவில்லை.

மரியதாஸ் எழுந்து, சபாநாயகருக்குத் தலை வணங்கி, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு எந்தப் பாடசாலை அமர்வுக்கும் அவர் வரவில்லை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது பாடசாலை என்று நடந்தன. ஒவ்வொரு தடவையும் கடைசி வாங்கைப் பார்ப்பேன். மிஸ்ஸும் வந்த நாட்களில் பார்ப்பா. ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் தேடிக் களைத்து விட்டுவிட்டார் என்று சில நாட்களில் நினைப்பேன். தேட இனி ஒன்றுமில்லாததால் விட்டுவிட்டார் என்று சில நாட்களில் நினைப்பேன்.

நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த வருடம், உறவினர் ஒருவரின் செத்த வீட்டுக்காக முல்லைத்தீவுக்குப் போனவன், திரும்பும் வழியில் நாயாற்றில் இறங்கினேன். பாலத்துக்குக் கிட்ட, படகொன்றின் நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு, இருப்பதற்குச் சாக்கை விரித்தார். பிள்ளைகளின் சபை இன்னும் நடக்கிறதா என்று கேட்டார். நடக்கிறது என்றேன். எதிர்க்கட்சித் தலைவி எப்படி என்று கேட்டார். உயர்தரத்தில் கலைப் பிரிவு படிக்கிறா, சட்டம் படிக்க ஆசையாம் என்றேன். தாய் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன்.

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கேட்காமல் போகக் கூடாது என்று தீர்மானித்தேன்.

“மரியதாஸ், அண்டைக்கு நீங்கள் ‘இல்லை’ எண்டது உண்மைதானோ?”

ஊசி நின்றது. எங்கள் சபைகளில், அமைச்சரிடம் கேட்கும் கேள்விக்குப் பதில் கையில் இல்லாவிட்டால், அவர் எழுந்து தவணை கேட்பார். சபாநாயகர் கொடுப்பார். கேள்வி அடுத்த அமர்வுக்குப் போகும். பிள்ளைகள் அடிக்கடி அதைச் செய்வார்கள், மரியதாஸ் பின்னால் இருந்து கேட்டிருக்கிறார்.

வலையை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, அவர் எழுந்து நேராக நின்றார்.

“அந்தக் கேள்விக்கு எனக்குத் தவணை வேணும் சேர்.”

நான் கொடுத்தேன். அவர் இருந்து வலையை எடுத்துக்கொண்டார். பஸ் வரும் வரை மீன்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.